யாழ்ப்பாணத்தில் மெல்லிய நெசவு நூல் தேடியபோது

ரொறொன்ரோவில் வீட்டுத் தறியில் சட்டைத் துணியும் சால்வையும் நெய்கிறேன். அதற்கு மெல்லிய பருத்தி நூல் வேண்டும். இந்த முறை ஊருக்குப் போனபோது அதையும் தேடினேன். என்னைப்போல் தேடுபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கஸ்தூரியார் வீதி, பெரிய கடைப் பக்கம் தையல் நூலும் பின்னல் நூலும் தாராளம். தறிக்கு ஏற்ற நூல் கண்ணில் படவில்லை. ஒரு கடையில் 'நூறு வீதம் பருத்தி' என்று ஒட்டியிருந்த கோனை, அதாவது கூம்பில் சுற்றிய நூலைக் காட்டினார்கள். ஒரு முழம் கேட்டு வாங்கி வெளியே வந்து கொளுத்தினேன். உருகி, கறுப்பு மணியாகத் திரண்டது. பருத்தி என்றால் கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கொளுத்திப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வலிகாமத்தில் ஒரு சின்ன நெசவு நிலையத்தில்தான் விஷயம் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். அங்கே இருப்பது 2/40, 2/60 நூல். ஒரு இறாத்தலில் 840 யார் கட்டுகள் எத்தனை அடங்குகின்றன என்பதுதான் நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. 2/60 என்றால் 60ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது. இறாத்தலுக்கு 25,200 யார் வரும்.

"பிள்ளை, அதைவிட மெல்லிசு இஞ்ச ஏத்துறேல்லை. அறுந்துகொண்டே இருக்கும்" என்றார் அங்கே பொறுப்பாக இருந்த அம்மா. நான் கொண்டுபோயிருந்த 100ஆம் நம்பர் ஒற்றை நூலைக் காட்டியதும் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். அப்புறம் தானே கஞ்சி போட்டுத் தந்தார். சோற்றுக் கஞ்சியைத் துணியில் வடித்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு, நூலை நனைத்துப் பிழிந்து நிழலில் இழுத்துக் கட்டினார். காயக் காய இழைகள் ஒட்டாதபடி தூரிகையால் வருடிக்கொண்டே இருந்தார். எழும்பி நின்ற பிசிறெல்லாம் படிந்துவிட்டது. தறிப் பல்லில் உரசி அறுவது இந்தப் பிசிறால்தான் என்று விளக்கினார். கூலி கேட்கவே கூச்சப்பட்டார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். இந்த வேலைக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும், குறைத்துப் பேசக்கூடாது.

ஈரம் பட்டால் பருத்தி இன்னும் பலக்கும். அதனால் காலை வேளையில், காற்று ஈரமாக இருக்கும்போது மெல்லிய பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஏற்றி நெய்யச் சொன்னார். ரொறொன்ரோவில் குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீட்டுக்கு இது பொன்னான அறிவுரை. தறிக்குப் பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

நூலுக்குத் தமிழ்நாட்டைத்தான் பார்க்க வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. கோயம்புத்தூர், இராஜபாளையம் பக்கம் மெல்லிய நம்பர் நூற்கும் ஆலைகள் உண்டு. 1974இல் கோயம்புத்தூரில் உருவான சுவின் பருத்தியைக் கேளுங்கள். அதன் நீளமான இழையில் 100, 120 நம்பர் நூல் நூற்கலாம். சாயம் போடும் எண்ணம் இருந்தால் கோனாக வாங்காமல் சிட்டமாக (தளர்வாகச் சுற்றிய நூல் கட்டாக) வாங்குங்கள்.

எனக்குச் சுவின் கிடைத்தால் அந்த அம்மாவுக்கும் ஒரு சிட்டம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். கஞ்சி போட்ட அந்த 100ஆம் நம்பரைப் பார்த்த பிறகு, தன் தறியிலும் ஒரு பாவு ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார்.