முத்தையன்கட்டுத் தோட்டத்தில் வெயிலில் ஓடும் உணரிகள்: மூன்று வருட அனுபவம்

2022 ஆவணியில் முல்லைத்தீவு முத்தையன்கட்டில் உள்ள எங்கள் தோட்டத்தில் மூன்று கம்பியில்லா உணரிகளைப் பொருத்தினேன். ஒன்று கிணற்று நீர்மட்டத்துக்கு, மற்ற இரண்டும் கச்சான் நிலத்தின் ஈரத்துக்கு. தகவல், கொஞ்ச மின்சாரத்தில் கனதூரம் போகும் லோரா என்ற வானொலி அலையில் வீட்டுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கைக்குள் அடங்கும் 0.3 வாற்று சோலார் தகடு ஒன்று, லிதியம் பற்றரி ஒன்று.

முதல் மாரியிலேயே மூன்றும் நின்றுவிட்டன. கார்த்திகை முழுக்க வானம் மூடிக் கிடந்தது. தகடு போதவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பெரிய தகடு வாங்க முதல், மீற்றரை வைத்து அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. உணரி தூங்கும்போதும் 5 மில்லிஅம்பியர் போய்க்கொண்டிருந்தது! உணரியின் மூளையான ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் எடுப்பது 10 மைக்ரோஅம்பியர் அளவுதான். மீதியைத் தின்றது போர்டில் வோல்ற்றைச் சீராக்க இருந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேற்றர். அதைக் கழற்றி, 2 மைக்ரோஅம்பியருக்கும் குறைவாக எடுக்கும் எம்சிபி1700 போட்டேன். மண் உணரிக்கும் அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் போகும்படி செய்தேன். தகட்டை மாற்றவே தேவைப்படவில்லை.

அடுத்த சிக்கல் வெக்கை. லிதியம் பற்றரிகளை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது என்பார்கள். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது சாதாரணமாகத் தாண்டும். ஒரே கோடையில் பற்றரிகள் நொந்துவிட்டன. 2023 கடைசியில் அவற்றை எடுத்துவிட்டு பற்றரி மாதிரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் 10 பரட் சூப்பர் கப்பாசிற்றர் இரண்டைத் தொடராக இணைத்தேன். பெட்டியையும் தகட்டின் நிழலுக்குள் தள்ளினேன்.

கப்பாசிற்றரில் சேரும் சக்தி மிகக் கொஞ்சம். 5 வோல்ற்றிலிருந்து 3.4 வரை இறங்கினால் கிடைப்பது 33 யூல் (சக்தியை அளக்கும் அலகு). பழைய ரெகுலேற்றர் இருந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் தீர்ந்திருக்கும். இப்போது ஒரு தடவை அளந்து அனுப்ப ஏறக்குறைய 0.2 யூல் போகிறது. அந்த 33 யூலை எப்படிப் பங்கிடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அப்பாதான் சொன்னார்: "குளத்தில நிக்கிற தண்ணியப் பாத்துத்தானே தம்பி சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கிறம்?" அதையே நிரலில் எழுதினேன். வோல்ற்று நிறைய இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். குறைந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. மூன்று வருடத்தில் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான், இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

இரவுக்கு உதவுமென்று தகரக் கூரையின் கீழ், இரு பக்கத்து வெப்ப வேறுபாட்டில் மின்சாரம் தரும் பெல்ற்றியர் தகடு ஒன்றையும் பொருத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்கமும் சூடாகிவிடும், வெப்ப வேறுபாடே நிற்காது. கைவிட்டுவிட்டேன். எங்கள் வெயிலுக்கு முன்னால் வேறொன்றும் கட்டாது.

பராமரிப்பு என்றால், சோளகம் வீசும் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை தகட்டின் புழுதியைத் துடைக்க வேண்டும். மயில் வந்து இருக்காமல் தகட்டைச் சரிவாக வையுங்கள். வயரைக் குழாய்க்குள் விடுங்கள், குரங்கு இழுத்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இரு முள் மண் உணரியை வாங்கவே வேண்டாம். மின்சாரம் மண்ணுக்குள் பாய்ந்து முள் அரித்துவிடும், எனக்கு ஒரு போகம்கூட நிற்கவில்லை. உலோகம் மண்ணில் படாமல், கொள்ளளவு (கப்பாசிற்றிவ்) முறையில் அளப்பதுதான் நிற்கிறது.

2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயல் மழை கொட்டியபோது எனக்கு உள்ளுக்குள் பயம்தான். தோட்டத்துக்குப் போக வழியில்லை. வீட்டில் மின்சாரம் போய், தகவலை வாங்கும் பெட்டியும் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் பின்னேரம் மின்சாரம் வந்ததும், உணரிகள் நினைவில் வைத்திருந்த அளவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. அப்பா போனை வாங்கி, கிணற்றுத் தண்ணீர் கட்டுவரை ஏறியிருந்ததைக் காட்டிய வரைபடக் கோட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.