இறக்கத்தில் எது கைகொடுக்கும்: ஹீல் பிரேக்கா, டி-ஸ்டாப்பா?

அக்கா மகனுக்கு இன்லைன் ஸ்கேட் (வீல்கள் ஒரே வரிசையில் இருக்கும் ஸ்கேட்) வாங்கிய வாரமே, வலது ஸ்கேட்டின் பின்னால் இருந்த ரப்பர் பிரேக்கை, அதாவது ஹீல் பிரேக்கை, கழற்றச் சொல்லிவிட்டார்கள். ரிங்க்கில், அதாவது ஸ்கேட்டிங் தளத்தில், வளைவு திரும்பும்போது காலுக்கு மேல் கால் போட்டுப் போக வேண்டும், அப்போது அது இடிக்கும். சமதளத்துக்கு அது நியாயமான காரணம்தான். ஆனால் பாளையங்கோட்டைக்கு வெளியே, இன்னும் வீடுகள் வராத ஒரு மனைப்பிரிவில், லேசான இறக்கத்தில் நிற்க முடியாமல் ஓரத்து மண்ணில் போய் விழுந்தான். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அதற்கப்புறம்தான் நிற்கும் முறைகளை ஒவ்வொன்றாக அதே ரோட்டில் போட்டுப் பார்த்தோம்.

நம்ம ஊர் சமவெளி, இங்கே என்ன பெரிய இறக்கம் என்று தோன்றும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் உயரம் இறங்கினாலே வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தொடும். ரோடும் காற்றும் அதைக் குறைக்கும்தான், ஆனாலும் வேகம் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. அதனால் எந்த பிரேக்காக இருந்தாலும் இறக்கத்தின் உச்சியிலேயே பிடிக்கத் தொடங்க வேண்டும். வேகம் ஏறியபின் பிடித்தால் எதுவும் கேட்காது.

டி-ஸ்டாப்பில் உடம்பின் எடை முழுக்க முன்காலில் இருக்கும். பின்காலைக் குறுக்காகத் திருப்பித் தரையில் இழுப்போம். தனியாக ஒரு பாகம் வேண்டாம், எந்தக் காலாலும் செய்யலாம், ரிங்க்கில் அழகாக நிற்கும். இறக்கத்தில் அதையே பத்து இருபது மீட்டருக்கு இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஒற்றைக் காலில் அவ்வளவு நேரம் நிலை தவறாமல் போவது சிறுவர்களுக்குக் கஷ்டம். கொஞ்சம் அழுத்தி இழுத்தால் உடம்பு அந்தப் பக்கமே சுழன்றுவிடும். வீல்களும் ஒரு பக்கமாகத் தேயும். தேய்ந்த வீலை மாற்றுவதைவிட ரப்பர் கட்டையை மாற்றுவது மலிவு.

ஹீல் பிரேக்கில் இரண்டு காலும் தரையில் இருக்கும். பிரேக் உள்ள கால் முன்னால், மற்றது பின்னால். இந்த நீண்ட நிலையால் சின்னக் கல் தட்டினாலும் சட்டென்று குப்புறத் தள்ளாது. போகிற கோடும் நேராக இருக்கும். பலரும் செய்யும் தப்பு, நிமிர்ந்து நின்றபடியே விரல் பக்கத்தைத் தூக்குவது. அப்படிச் செய்தால் ரப்பர் உரசும், பிடிக்காது. முதலில் காலை முன்னால் நீட்ட வேண்டும். அப்புறம் விரல் பக்கத்தைத் தூக்கி, முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காருவதுபோல மெல்ல இறங்க வேண்டும். உட்கார உட்காரப் பிடி கூடும். என் கணக்கில் இறக்கத்துக்கு இதுதான் முதல் இடம். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று இதை ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வளைந்து வளைந்து இறங்குவதும் நல்ல முறைதான். ஒவ்வொரு திருப்பத்தையும் ரோட்டின் குறுக்கே, கிட்டத்தட்ட மேட்டைப் பார்க்கும்வரை முடித்தால் வேகம் ஏறாது. ஆனால் அகலமான, வண்டி வராத ரோடு வேண்டும். கால்களை அகட்டி, விரல்களை உள்ளே திருப்பி நிற்பது மெதுவாகப் போகும்போது மட்டும் உதவும். நீண்ட இறக்கத்தில் தொடை ஓய்ந்துவிடும். பக்கவாட்டில் சறுக்கி நிற்பது பழகாதவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

முடியாவிட்டால் புல்லில் ஏறிவிடு என்று சொல்வார்கள். இங்கே ரோட்டோரத்தில் புல் எங்கே இருக்கிறது? மணலும் சரளையும் உடைமுள்ளும்தான். வீல் மணலில் புதைந்த நொடியில் ஆள் முன்னால் பறப்பான். ஹெல்மெட்டும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் இல்லாமல் எந்த முறையையும் பழகக் கூடாது.

ஆனி, ஆடிக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று, நம்ம நிலம் சரிகிற கிழக்குத் திசையிலேயே ஆளையும் தள்ளும். இறங்கும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். ஐப்பசி மழையில் ரோடு நனைந்துவிட்டால் ஸ்கேட்டை வெளியே எடுப்பதே இல்லை.

திருநெல்வேலி சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தின் சரிவையும் மாஞ்சோலை மலைப்பாதையையும் பார்த்துப் பயல்களுக்கு ஆசை வரும். ஒன்றில் பஸ்ஸும் லாரியும் ஓய்வதில்லை. மற்றது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கொண்டை ஊசி வளைவுகள் வேறு. இரண்டும் கூடாது.

கழற்றிய பிரேக்கை மறுபடி மாட்டிவிட்டோம். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் அதன் திருகு இறுகியிருக்கிறதா, ரப்பர் எவ்வளவு மிச்சம் என்று அவனே பார்க்கிறான். காலை ஆறு மணிக்கு, கீழிருந்து இரண்டாவது மின்கம்பத்தில் தொடங்குகிறோம். சாக்பீஸ் கோட்டுக்குள் ஐந்து முறை நின்றால்தான் மூன்றாவது கம்பத்துக்கு ஏறுவது.