பிஎன்ஆர் அடிச்சா கன்ஃபார்ம்னு வரும், ஆனா அது உங்க டிக்கெட்டா இருக்கணும்னு இல்ல

"சபரிமலை சீசன், பொங்கல், எந்த வண்டியா இருந்தாலும் கன்ஃபார்ம் டிக்கெட், பிஎன்ஆர் செக் பண்ணிட்டு காசு போடுங்க"ன்னு ஒரு மெசேஜ் திரும்பவும் சுத்த ஆரம்பிச்சிருக்கு. நம்பர் வேற, டிபி வேற, ஆனா வாசகம் அச்சு அசல் அதேதான், அந்த கடைசில வர்ற ரெண்டு கும்பிடு எமோஜி உள்பட. இதே மாதிரி ஒருத்தன்கிட்ட நான் ஏமாந்தத வெளிய சொல்ல வேணாம்னு ஒரு வருஷமா வாய மூடிட்டு இருந்தேன், ஏன்னா மானக்கேடு. இப்ப சொல்றேன்.

மானக்கேடு ஏன்னா நான் சாதாரண பயணி இல்ல, ரயில் பைத்தியம். பெரம்பூர்ல வளந்தவன், ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் ஃபேக்டரி சைரன் கேட்டு பள்ளிக்கூடம் போனவன், இஞ்சினப் பாத்தா எந்த ஷெட்டுல பராமரிக்கறதுன்னு படிக்காமலே சொல்லுவேன். வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் டிக்கெட் விஷயம்னா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க, "இந்த வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபார்ம் ஆவுமா"ன்னு, நானும் ஜோசியக்காரன் மாதிரி சொல்லுவேன், பாதிக்கு மேல பலிக்கும். அப்படிப்பட்ட ஆளுதான் 2,400 ரூபாய தூக்கி ஒருத்தனுக்கு குடுத்துட்டு காட்பாடி பிளாட்பாரத்துல நின்னேன்.

இன்னொரு பைத்தியம் ஃபுட்பால். சென்னையின் எஃப்சி அவே மேட்ச்னா, அதாவது வெளியூர்ல ஆடற மேட்ச்னா, முடிஞ்ச வரைக்கும் ரயில்லதான் போவேன். 2018 மார்ச் 17 பெங்களூருல நடந்த ஐஎஸ்எல் ஃபைனலுக்கு பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல போனேன், ஒம்பதாவது நிமிஷமே பெங்களூரு டீம் சேத்ரி கோல் போட்டுட்டாரு, கண்டீரவா ஸ்டேடியமே அதிருது, எங்க பக்கம் ஒருத்தருக்கும் பேச்சு வரல, அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் ரெண்டு ஹெட்டர், ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு, 3-2. அந்த ராத்திரி ஊருக்குத் திரும்பினப்ப பெர்த் இருந்தும் தூங்கல.

ரயிலும் ஃபுட்பாலும் எப்படிடா ஒட்டுதுன்னு கேப்பாங்க. ஒட்டாம என்ன, மான்செஸ்டர் யுனைடெட்டே 1878ல ரயில்வே வேகன் பட்டறைக்காரங்க நியூட்டன் ஹீத்ங்கற பேர்ல ஆரம்பிச்சதுதான், 1902லதான் இப்ப இருக்கற பேரு. நம்ம நாட்டுலயே 1958ல கல்கத்தா லீக்க ஈஸ்டர்ன் ரயில்வே ஜெயிச்சுது, அந்த டீம்லதான் பி.கே. பானர்ஜி, மோகன் பகான் ஈஸ்ட் பெங்கால்னு பெரிய கிளப்புக்கு ஆடப் போகாமலே 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு கேப்டன், பிரான்சுக்கு எதிரா கோல் வேற. சந்தோஷ் டிராஃபிய ரயில்வே டீம் மூணு தடவ தூக்கியிருக்கு. இதையெல்லாம் என் தங்கச்சி பையன்கிட்ட வாரா வாரம் சொல்லி சொல்லி அவனையும் கெடுத்து வச்சிருக்கேன், எட்டாவது படிச்சிட்டு இருந்தான் அப்போ. "மாமா என்னைய ஒரு அவே மேட்ச்சுக்கு கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரே நச்சரிப்பு. சரிடான்னு வாக்கு குடுத்தேன். வாக்கு குடுத்தது தப்பில்ல, குடுத்த தேதிதான் தப்பு.

2024 நவம்பர் 24, ஞாயித்துக்கிழமை, கொச்சில கேரளா பிளாஸ்டர்ஸோட மேட்ச். கார்த்திக மாசம் பொறந்து ஒரு வாரம். அந்த நேரத்துல கோட்டயம், செங்கன்னூர் வழியா போற வண்டில எடம் தேடறது மெரினால ஊசி தேடற கதை, எல்லா வண்டியும் சாமிங்க மாசக்கணக்குக்கு முன்னாடியே புக் பண்ணிடுவாங்க. இது எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனா ஆஃபீஸ்ல லீவு உறுதியாகல, கடைசி வாரத்துலதான் சரின்னாங்க. திரும்பி வர்றதுக்கு மட்டும் ஆர்ஏசி கெடச்சுது, ரெண்டு பேரும் ஒரே சைடு லோயர்ல உக்காந்துட்டு வந்துடலாம். போறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை காலைல 11 மணி தட்கலுக்கு ஆஃபீஸ் பாத்ரூம்ல நின்னு போன அமுக்கினேன், பேமெண்ட் முடிஞ்சு பாத்தா வெயிட்டிங். நம்ம நேரம்.

மதியம் ஒரு பயணக் குரூப்புல பொலம்பினேன், அங்கதான் தப்பு ஆரம்பம், பொலம்பி அஞ்சு நிமிஷத்துல தனி மெசேஜ். "சார் எனக்கு ஏஜெண்ட் ஐடி இருக்கு, தட்கல்ல நாலு எக்ஸ்ட்ரா போட்டு வச்சேன், ஒரு பார்ட்டி வரல, உங்க பேர்ல மாத்தித் தரேன்." இந்த ஒரு வரிலயே நான் போன வச்சிருக்கணும். தட்கல் டிக்கெட்ல பேர் மாத்தவே முடியாது, ஊருக்கெல்லாம் இத நான்தான் சொல்லுவேன். ஆனா பையன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. ஆளுக்கு 1,200 கேட்டான், ஸ்லீப்பருக்கு நானூறு சொச்சம் ஆவுற எடத்துல. சரின்னேன். சாயங்காலம் பிடிஎஃப் வந்துச்சு, 12623 திருவனந்தபுரம் மெயில், எஸ்7, 17, 20, ரெண்டும் லோயர், என் பேரு, வயசு, பையன் பேரு, வயசு, எல்லாம் பக்காவா இருக்கு. அவன் சொன்னதுதான் என்னைய கவுத்துச்சு: "சார், இப்ப காசு போடாதீங்க, முதல்ல பிஎன்ஆர் அடிச்சுப் பாருங்க, கன்ஃபார்ம்னு வந்தா மட்டும் போடுங்க." இவ்ளோ நேர்மையா பேசறவன் திருடனா இருப்பானான்னு தோணும் பாருங்க, அதுதான் அவன் தொழில்.

அடிச்சுப் பாத்தேன். அதே வண்டி, அதே தேதி, அதே எஸ்7, 17, 20, கன்ஃபார்ம். காச போட்டுட்டேன்.

இப்ப நல்லா கவனிங்க. பிஎன்ஆர் ஸ்டேட்டஸ்ல பயணி பேரு வராது. பயணி ஒண்ணு, பயணி ரெண்டுன்னு மட்டும்தான் வரும், கோச்சு, பெர்த்து வரும். அந்த டிக்கெட் உண்மையாவே இருக்கு, ஆனா வேற யாரோடதோ. அவன் செஞ்சது என்னன்னா எவரோ போட்ட டிக்கெட்டோட பிடிஎஃப்ப எடுத்து பேரு வயச மட்டும் அழிச்சு நம்ம பேர அடிச்சிட்டான், அவ்ளோதான். எனக்கு இன்னொரு விஷயமும் கண்ணுல பட்டிருக்கணும், பெர்த் நம்பருக்குப் பக்கத்துல ஜிஎன்னு இருந்துச்சு, அதாவது ஜெனரல் கோட்டா. தட்கல் டிக்கெட்னா டிக்யூன்னு வரணும். ரெண்டெழுத்து. நான் பாத்தேன், கண்ணு பாத்துச்சு, மண்டைக்குப் போகல.

சனிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரல். பையன் நீல ஜெர்ஸி, நான் நீல ஜெர்ஸி, பிளாட்பாரம் பூரா கறுப்பு வேட்டியும் இருமுடியும். வழக்கம்போல முதல்ல இஞ்சின் பாக்கப் போனோம், ஈரோடு ஷெட்டோட வாப்-7 கரண்ட் இஞ்சின், பையன நிக்க வச்சு போட்டோ எடுத்து குரூப்புல போட்டாச்சு. எஸ்7 வந்தா 17லயும் 20லயும் ஒரு சாமியும் ஒரு குட்டி சாமியும் உக்காந்திருக்காங்க. "சாமி, இது எங்க எடம் சாமி"ன்னேன். அவரு கோவமே படல, "சாமி சரணம், உங்க டிக்கெட்ட காட்டுங்க சாமி"ன்னாரு. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். பிஎன்ஆர்ல பத்து நம்பரும் ஒண்ணு. வண்டி ஒண்ணு. பெர்த் ஒண்ணு. பேரு மட்டும் வேற. அவரு ஆகஸ்ட்லயே போட்டிருக்காரு, போட்டதும் அந்த டிக்கெட்ட அவங்க யாத்திரை குரூப்புல போட்டு வச்சிருக்காரு, அதுல தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு எத்தனையோ பேர், அங்கிருந்துதான் கிளம்பியிருக்கணும்.

அப்பவும் நான் நம்பல, சிஸ்டம் தப்பா இருக்கும்னு வாதம் பண்ணிட்டு இருந்தேன். அவங்க கூட்டத்துல காலேஜ் படிக்கற ஒரு கன்னிச்சாமி என் போன வாங்கி, பிடிஎஃப் மேல இருக்கற அந்த கட்டம் கட்டமான க்யூஆர் கோடு இருக்கே, அத அவரு போன்ல ஸ்கேன் பண்ணாரு. எழுத்தா வந்து விழுந்துச்சு. சாமியோட பேரு, அவரு பையன் பேரு, வயசு, ஜெனரல் கோட்டா, அவரு குடுத்த காசு, எல்லாம். திருடன் பேர மாத்தினான், க்யூஆர மாத்தல. முப்பது செகண்டு வேலை. இத வெள்ளிக்கிழமையே நான் பண்ணியிருந்தா 2,400 மிச்சம். பையன் மெதுவா, "மாமா, உங்களுக்குத்தான் ரயில் பத்தி எல்லாம் தெரியுமே"ன்னான். கிண்டல் இல்ல, நெஜமா புரியாம கேட்டான். அதுதான் இன்னும் குத்துது.

இதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. சாமிங்க ஒதுங்கி எடம் குடுத்து புளிசாதம் வேற குடுத்தாங்க. டிடிஇ வந்தாரு, கைல இருக்கற மெஷின்ல பாத்தாரு, "சார், இந்த சீசன்ல இது எனக்கு நாலாவது கேஸ்"னு சலிப்பா சொன்னாரு. நான் ஏமாந்தவன்ங்கறது அவருக்குப் புரிஞ்சுது, ஆனா சட்டப்படி நான் டிக்கெட் இல்லாத பயணி. காட்பாடி வரைக்கும் சார்ஜு, ஆளுக்கு 250 அபராதம், ரெண்டு பேருக்கும் சேத்து எண்ணூறு சொச்சம், ரசீது போட்டுக் குடுத்து "பையன் இருக்கான், காட்பாடில எறங்கி ஜெனரல் டிக்கெட் எடுத்து பின்னாடி வர்ற ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ல போங்க"ன்னாரு. அவரு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல.

ஆலப்புழா ஜெனரல் கோச்சுல சேலம் வரைக்கும் நின்னுட்டே, அப்புறம் பாத்ரூம் கதவுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவுல பேப்பர் விரிச்சு உக்காந்தோம். யாராவது கதவ தொறந்தா பையன் கால மடக்குவான், சாத்தினா நீட்டுவான், தூக்கத்துலயே. மதுக்கரை தாண்டி வாளையார் காட்டுல வண்டி மெதுவாச்சு, யானை கடக்கற எடம், 2024லேர்ந்து வனத்துறை ஏஐ கேமரா வச்சு டிரைவருக்கு தகவல் குடுக்கறாங்க. பையன எழுப்பி காட்டலாம்னு பாத்தேன், எழுப்பல. ஆலுவால எறங்கி குளிச்சிட்டு மெட்ரோ புடிச்சோம், கொச்சி மெட்ரோ ஆலுவாலதான் ஆரம்பிக்குது, ஜேஎல்என் ஸ்டேடியம்னே ஸ்டேஷன் இருக்கு, மேட்ச்சுக்குப் போறவங்களுக்கு இத விட வசதி கெடையாது. மஞ்சக் கடல்ல ரெண்டு நீலப் புள்ளி. முதல் பாதி கோல் இல்ல, அப்புறம் ஹிமெனெஸ், நோவா, ராகுல், 3-0. ஏமாந்தவனுக்கு எல்லாம் ஒண்ணா வரும்.

அந்த நம்பர் சனிக்கிழமை ராத்திரியே ஸ்விட்ச் ஆஃப். 1930க்கு போன் பண்ணேன், சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போட்டேன், காசு போய் ஒரு நாளைக்கு மேல ஆயிட்டதால அந்த அக்கவுண்ட்ல ஒண்ணும் மிஞ்சலன்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரியே தெரிஞ்சிருந்தா முடக்கியிருக்கலாம், சந்தேகம் வந்த நிமிஷமே 1930 அடிங்க. அனுமதி இல்லாம டிக்கெட் வியாபாரம் பண்ணா ரயில்வே சட்டம் 143ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, ஆனா ஆளு கெடைக்கணுமே.

இதோட முடியல. ஆத்திரத்துல எக்ஸ் தளத்துல பிஎன்ஆரோட பொலம்பி ஒரு போஸ்ட் போட்டேன் (பொலம்பறதுதான் என் வியாதி போல). பத்து நிமிஷத்துல கஸ்டமர் கேர்னு பேரு போட்ட ஒரு அக்கவுண்ட், "நம்பர் குடுங்க, ரீஃபண்ட் தரோம்." ஒருத்தன் சுத்தமான தமிழ்ல போன் பண்ணி ஒரு ஆப் இறக்கச் சொன்னான், இறக்கினா நம்ம ஸ்கிரீன் அவனுக்குத் தெரியும், அப்புறம் பத்து ரூபா அனுப்பி சரிபாக்கணுமாம். அந்தத் தடவ முழிச்சுக்கிட்டேன். ஏமாந்தவங்க லிஸ்ட்ட வச்சு ரெண்டாவது ரவுண்டு ஏமாத்த தனிக் கூட்டமே இருக்கு. நெஜமா ரயில்வேகிட்ட பேசணும்னா 139.

இப்ப 2025 ஜூலைலேர்ந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் ஓடிபி கட்டாயம், ஏஜெண்டுங்க முதல் அரை மணி நேரம் போடவே முடியாது. அதனால எவனாவது "தட்கல் தொறந்ததுமே போட்டு வச்சிருக்கேன் சார்"னு சொன்னா அப்பவே தெரிஞ்சுக்கலாம். பிஎன்ஆர நம்பாதீங்க, க்யூஆர ஸ்கேன் பண்ணுங்க, அதுல உங்க பேரு வரலன்னா அது உங்க டிக்கெட் இல்ல. க்யூஆர வெட்டிட்டோ மங்கலாவோ அனுப்பினா பேச்சே வேணாம். உங்க டிக்கெட் போட்டோவ எந்த குரூப்புலயும் போடாதீங்க, அந்த சாமி கொஞ்சம் லேட்டா வந்து நான் கொஞ்சம் முரடனா இருந்திருந்தா அவரு பையன்தான் நின்னுட்டுப் போயிருப்பான்.

இன்னொண்ணு. அந்தப் பாத்ரூம் கதவு விஷயத்த மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அடுத்த தடவ விட மாட்டாங்கன்னு பையன் ஆலுவாலயே சத்தியம் வாங்கிட்டான். ஒரு வருஷம் காப்பாத்தினேன். தங்கச்சி இத எப்படியும் படிப்பா, ராத்திரி போன் வரும்.