ஷார்ஜாவிலிருந்து வந்ததாகச் சொன்ன கேம் பாய்

பொள்ளாச்சி, பாலக்காடு, கோவைப் பக்கம் பழைய வீடியோ கேம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய். அது திரும்ப வரும் என்ற நம்பிக்கை இல்லை. அடுத்தவருக்கும் போகாமல் இருந்தால் சரி.

ஓணத்துக்கு முந்தின வாரம், பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி ஒன்று (நின்டெண்டோ கம்பெனியின் கையடக்க கேம் பெட்டி, மடக்கலாம்), கேசட் நான்கு, சார்ஜர். எல்லாவற்றையும் நீலப் பூப்போட்ட பாயில் பரப்பி வைத்து எடுத்த படம். கூப்பிட்டேன். எடுத்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாதி தமிழ், பாதி மலையாளம். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை.

"சேட்டா, அச்சன் 2005ல ஷார்ஜாவிலேர்ந்து கொண்டு வந்ததாக்கும். ஓணத்துக்கு வீடு வெள்ளையடிக்கறோம், பழசெல்லாம் ஒழிக்கறோம்."

நான் விழுந்தது இந்த ஒரு வரியில்தான். தொண்ணூறுகளில் நாங்கள் ஆடிய டிவி கேம் எல்லாமே டூப்ளிகேட். ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ டிவி கேமை அப்படியே காப்பியடித்த பெட்டி, மஞ்சள் கேசட், மேலே '999999 இன் 1' என்று கொட்டை எழுத்து. உள்ளே போனால் அதே பத்து கேம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மேரியோவும் கான்ட்ராவும் அதில்தான் எங்களுக்கு அறிமுகம். அசல் என்றால் அது வளைகுடா போனவர் வீட்டில் இருக்கும். பாலக்காட்டுச் சித்தூரில் என் பெரியப்பா வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையனிடம் அசல் கேம் பாய் இருந்தது; அவன் அப்பா துபாய். லீவுக்குப் போனால் ஐந்து நிமிஷம் தொட விடுவான். ஆகவே பாலக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் அசல் தூங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு முப்பது வருஷமாக என் மண்டையில் இருக்கிறது. அவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மச்சான் வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. போன தீபாவளிக்குப் போனபோது மகளுக்கு ஒரு கேம் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். 100 ஜிபிக்கு மேல் என்றது. ராத்திரி முழுக்க இறங்கியது, காலையில் திறந்தால் அப்டேட் கேட்டது, அதற்குள் நாங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். முதல் சூப்பர் மேரியோ மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. படமெல்லாம் இன்றைய கேமில் பிரமாதம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் காசு கொடுத்தும் பொருள் நம்முடையதாக இருப்பதில்லை. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ம் தேதி அணைத்தார்கள். டிஸ்க் கையில் வைத்திருப்பவனும் ஆட முடியாது. கேசட் என்றால் சொருகினால் ஓடும், அதை யாரும் அணைக்க முடியாது என்று நினைத்தேன்.

இப்படி நினைப்பவன் நான் ஒருவன் இல்லை போலிருக்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2023-ல் கணக்கெடுத்தபோது, 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று தெரிந்தது. விற்பனையில் இல்லாத பொருளுக்குக் கிராக்கி வந்தால் டூப்ளிகேட் தானாக வரும்.

சரி, கதைக்கு வருகிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் சந்திக்கலாம் என்றான். இரண்டு பேருக்கும் பாதி தூரம், அலைச்சல் இல்லையாம். வந்தான். டீக்காசும் அவனே கொடுத்தான். வெயிலில் உட்கார்ந்து நான்கு கேசட்டையும் போட்டுப் பார்த்தேன். போக்கிமான் எமரால்டு, போக்கிமான் ஃபயர்ரெட், மேரியோ கார்ட், மெட்ராய்டு ஃப்யூஷன். எல்லாம் ஓடின. "சேவ் செஞ்சு பாருங்க சேட்டா" என்று அவனே சொன்னான். சேவ் செய்தேன், அணைத்தேன், போட்டேன், இருந்தது. அவ்வளவு நேர்மையான பையனைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. யுபிஐயில் பணம் போனது.

எஸ்பியில் இரண்டு ரகம். 2003-ல் வந்த ஏஜிஎஸ்-001 திரைக்கு முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும், கொஞ்சம் மங்கல். 2005-ல் வந்த ஏஜிஎஸ்-101 பின்னொளித் திரை, பளிச்சென்று இருக்கும், விலையும் அதிகம். இவன் விற்றது 101 என்று. பின்னால் ஸ்டிக்கரிலும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ராத்திரியில் திரைக்குக் கீழே நடுவில் இருக்கும் சின்ன வெளிச்ச பட்டனை அமுக்கினேன். விளக்கு முழுசாக அணைந்தது. 101-ல் அப்படி அணையாது. கூடும், குறையும், அவ்வளவுதான். ஸ்டிக்கரைக் கைவிளக்கில் பார்த்தால் ஓரத்தில் பசை பிதுங்கியிருக்கிறது. புது பிளாஸ்டிக் கூடு, புது ஸ்டிக்கர், உள்ளே பழைய 001. அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். கேசட் நன்றாக இருக்கிறதே என்று விட்டேன்.

மகளுக்குப் பதினொரு வயது. எமரால்டில் மட்கிப் என்ற போக்கிமானை எடுத்து வளர்த்தாள். அது மார்ஷ்டாம்ப் ஆகி, 36-வது லெவலில் ஸ்வாம்பர்ட் ஆன அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்த கையோடு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆறு பேட்ஜ் வாங்கியிருந்தாள். மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை கேமைத் திறந்தால் 'புது ஆட்டம்' மட்டும் இருக்கிறது, 'தொடர்க' இல்லை.

"அப்பா, இதுல என் ஆட்டம் எங்கப்பா?"

ஃபயர்ரெட்டைப் போட்டேன். '1எம் சப் சர்க்யூட் போர்டு பொருத்தப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. சேவ் வைக்க வேண்டிய சிப் சரியில்லை என்று கேமே சொல்லும் செய்தி அது. டூப்ளிகேட் ஃபயர்ரெட் வாங்கியவர்கள் பலருக்கும் பழக்கமானது.

போன் செய்தேன். அன்றைக்கு எடுத்தான். "பழைய சாமானல்லே சேட்டா, பேட்டரி போயிருக்கும். அம்பது ரூபா, மாத்தினா மதி."

இந்தப் பதிலைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இது பாதி உண்மை. தொண்ணூறுகளில் வந்த கேம் பாய் போக்கிமான் கேசட்டுகளில் சேவ் பேட்டரியில்தான் நிற்கும். பதினைந்து இருபது வருஷத்தில் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் போய்விடும். அது அசலிலும் நடக்கும். எமரால்டு அப்படி இல்லை. அதில் சேவ் ஃப்ளாஷ் மெமரியில், அதாவது மின்சாரம் இல்லாமலே நினைவில் வைக்கும் சிப்பில் இருக்கிறது, பேட்டரி கேமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி காட்டும், நட்ட பழச்செடி வளராது, அவ்வளவுதான். ஆட்டம் அப்படியே இருக்கும். ஃபயர்ரெட்டில் பேட்டரியே கிடையாது. இல்லாத பேட்டரியை மாற்றச் சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது.

பொள்ளாச்சியில் தெரிந்த மொபைல் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். இந்தக் கேசட்டின் திருகாணிக்கு மூன்று கால் இருக்கும், சாதாரண ஸ்டார் டிரைவர் உட்காராது. கடைக்காரத் தம்பி எங்கேயோ தேடி ஒரு டிரைவரை எடுத்துத் திறந்தார். பச்சைப் போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு, உருக்கிய தார் விழுந்து இறுகினது மாதிரி. அசலில் அந்த இடத்தில் கால் முளைத்த, எழுத்து அச்சடித்த சதுரச் சிப் இருக்கும். பக்கத்திலேயே ஒரு பட்டன் பேட்டரியைக் கோணலாக ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. ஃபயர்ரெட்டில்! தம்பி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "உசுரே இல்லீங்ணா" என்றார். மற்ற மூன்றிலும் அதே தார்ச் சொட்டு. டீக்கடையில் சேவ் ஏன் அழியாமல் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பேட்டரி சில வாரம் தாங்கினால் அவனுக்குப் போதும்.

அதற்குப் பிறகு என் எண்ணை அவன் எடுக்கவில்லை. மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டால் 'ஹலோ' சொல்லி என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பொருளைக் கையில் வாங்கி, ஓட்டிப் பார்த்து, திருப்தியாகிப் பணம் அனுப்பியிருக்கிறீர்களே என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். பணம் கைமாறியது கேரளாவில், நான் இருப்பது தமிழ்நாட்டில். எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

டூப்ளிகேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் அதைத்தானே ஆடினோம். அன்றைக்கு டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட் விலை கொடுத்தோம். இதே எமரால்டை 'காப்பி' என்று சொல்லியே சில நூறு ரூபாய்க்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம்.

நேரில் வாங்கப் போனால் மூன்று கால் டிரைவரை நீங்களே பையில் போட்டுக்கொண்டு போங்கள். திறந்து பார்க்கிறேன் என்றதும் விற்பவர் முகம் மாறினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். திறக்க முடியாவிட்டால் கேசட்டைத் தலைகீழாகப் பிடித்து, தங்க நிறப் பற்களுக்கு மேலே போர்டில் 'நின்டெண்டோ' என்று அச்சு தெரிகிறதா பாருங்கள். அப்புறம் முன்பக்க லேபிளை வெளிச்சத்தில் சாய்த்தால், அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதித்திருக்கும். மை இருக்காது, பள்ளம் மட்டும். என்னுடைய நான்கிலும் அது இல்லை. ஏஜிஎஸ்-101 என்றால் கடைக்குள்ளே நிழலில் நின்று அந்த வெளிச்ச பட்டனை அமுக்குங்கள், வெயிலில் வேண்டாம்.

மகள் புது ஆட்டம் ஆரம்பிக்கவில்லை. கேட்டால் "இதுவும் போயிடும்" என்கிறாள்.

நேற்று ராத்திரி அதே செயலியில் ஒரு புது விளம்பரம். பெயர் வேறு, எண் வேறு. கேம் பாய் எஸ்பி, கேசட் ஐந்து, 16,000 ரூபாய். அதே நீலப் பூப்போட்ட பாய். கீழே எழுதியிருக்கிறது: அப்பா குவைத்திலிருந்து கொண்டு வந்தது.