முதியவருக்கு எது உகந்தது: ஆண்டுக்கொரு முழு உடல் பரிசோதனையா, தொடர்ந்து பார்க்கும் ஒரே மருத்துவரா?

என் தாயாருக்கு 74 வயது; இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மூன்று ஆண்டுகள் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பைச் செய்து பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே பொது மருத்துவரிடம் காட்டும் வழக்கத்துக்கு மாறினோம். எனவே நடுநிலை வகிப்பதாகப் பாவனை செய்யப் போவதில்லை. நான் மருத்துவர் பக்கம்தான்.

தொகுப்பின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே காலையில் வேலை முடியும், மாலையில் அறிக்கை கைப்பேசிக்கு வந்துவிடும். ஆனால் ஆய்வகங்கள் இயல்பு என்று குறிக்கும் எல்லை, பெரும்பாலும் நலமாக இருப்பவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டது. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், எந்தக் குறையும் இல்லாதவருக்கும் ஏதேனும் ஒன்று எல்லை மீறி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். தாயாருக்கும் ஆண்டுதோறும் ஏதோ ஓர் எண் தடித்த எழுத்தில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணரைத் தேடிப் போனோம். ஒவ்வொருவரும் ஒரு மாத்திரையைச் சேர்த்தார்கள், எவரும் ஒன்றையும் குறைக்கவில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த மாத்திரைக் கணக்குதான். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருமாறு புதிய மருத்துவர் முதல் நாளே சொன்னார். ஒன்பது வகை தேறின. அவற்றில் இரண்டு, வேறு வேறு வணிகப் பெயர்களில் இருந்த ஒரே மருந்து. மூட்டு வலிக்கென்று எடுத்துவந்த வலி நிவாரணி இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்று விளக்கினார். முதிய வயதில் தசை மெலிவதால், தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவுப் பொருளான கிரியாட்டினின் அளவு இயல்பாகத் தெரிந்தாலும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருக்கலாம் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்; பல மருந்துகளின் அளவை அந்தத் திறனை வைத்தே முடிவு செய்ய வேண்டுமாம். பிறகு படுக்க வைத்து ஒரு முறையும் நிற்க வைத்து ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்தார். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. தாயாருக்கு அதைவிட அதிகமாகவே குறைந்தது. இரவில் எழுந்தபோதெல்லாம் அவர் தடுமாறியதற்குக் காரணம் தெரிந்தது. மூன்று ஆண்டு அறிக்கைகளில் இதற்கு இடமே இருந்ததில்லை, ஏனென்றால் அங்கே உட்கார வைத்து ஒரு முறை மட்டுமே அளந்தார்கள்.

தடுப்பூசியும் அப்படியே. ஆண்டுதோறும் போட வேண்டிய இன்ஃப்ளூயன்சா ஊசியை எந்தத் தொகுப்பும் எங்களுக்கு நினைவூட்டவில்லை.

பொதுவான உடல்நலப் பரிசோதனைகளால் இறப்பு விகிதத்தில் மாற்றம் மிகக் குறைவு அல்லது இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வு கூறுகிறது. ஆயினும் முதியவர்களுக்கென்றே நடந்த ஆய்வுகள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதால், அதை என் பக்கத்துக்கு முழுச் சான்றாக வைக்க மாட்டேன்.

மருத்துவர் வழியிலும் குறை உண்டு. காத்திருப்பு நீளும், அவர் விடுப்பில் போனால் தொடர்ச்சி அறும், புற்றுநோய்க்கான முன்பரிசோதனைகளை நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. மேலும் என் அனுபவம் நடமாடும் ஒருவரைப் பற்றியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை அவர்களைப் பராமரிப்பவர்களே சொல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனையை நாங்கள் விட்டுவிடவில்லை. எவற்றைச் செய்வது என்பதை இப்போது மருத்துவர் எழுதித் தருகிறார்; சென்ற முறை அந்தச் சீட்டில் நான்கு சோதனைகளே இருந்தன.