மூக்கு மேல் எண்ணெய்ப் புள்ளிகள்: பட்டையா, அமிலமா, முல்தானி மட்டியா?

கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றால் மூக்கின் மேல் சாம்பல் நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். இரு விரலால் அழுத்தினால், உடைந்த இடியாப்ப நூல்போல வெளிர் மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதைக் கரும்புள்ளி என்று நினைத்து, கல்லூரி நாள் தொட்டுப் பிதுக்கிக்கொண்டே இருந்தவள் நான்.

கரும்புள்ளி வேறு. அது துளையை அடைத்துக்கொண்ட தக்கை. தலை கறுத்து, சற்றே மேடாகக் கெட்டியாக இருக்கும். நம் மூக்கில் வரிசையாகத் தெரிபவை பெரும்பாலும் எண்ணெய் இழைகள். தோல் மருத்துவர்கள் ‘செபேசியஸ் ஃபிலமென்ட்’ என்பார்கள். சுரப்பியின் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் அங்கேயே குடியிருக்கும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து, ரோமத்துளையின் உட்சுவரை ஒட்டி மெல்லிய குழலாக அமைந்திருக்கும். எண்ணெய் அதன் வழியாகத்தான் மேலே வந்து தோலில் பரவுகிறது. ஆரோக்கியமான முகத்தில் இருக்க வேண்டியதுதான் அது. ஆகவே எதை வாங்கினாலும் அது நிரந்தரமாகப் போய்விடாது. கண்ணுக்குக் குறைவாகத் தெரியவைக்கலாம், அவ்வளவுதான்.

மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டைதான் உடனே மனத்தைக் கவர்வது. மூக்கை நனைத்து ஒட்டி, காய்ந்ததும் உரித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குட்டை முட்கள்போல மஞ்சள் இழைகள் நிமிர்ந்து நிற்கும். பெரிய சாதனை செய்த திருப்தி. ஆனால் காலியான குழல் ஏறக்குறைய 30 நாளில் மறுபடி நிரம்பிவிடும். வாராவாரம் உரித்ததில் என் மூக்கோரம் சிவந்து தோல் வறண்டதுதான் மிச்சம். திருமணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை என்றால் சரி. அதையே வழக்கமாக்க வேண்டாம்.

என் வாக்கு சாலிசிலிக் அமிலத்துக்கே. காரணம் எளிது: அது எண்ணெயில் கரையும். முகத்துக்குப் பூசும் இன்னொரு அமிலமான கிளைகாலிக் அமிலம் நீரில் கரைவது. மேல்தோலை நன்றாக வழவழப்பாக்கும், ஆனால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் இறங்குவதில் சாலிசிலிக் அமிலத்துக்கு ஈடாகாது. சாலிசிலிக் உள்ளே போய், ஒட்டிக் கிடக்கும் செல்களைத் தளர்த்துகிறது. 2 சதவீதம் போதும். கழுவிவிடும் ஃபேஸ்வாஷைவிட, பூசி அப்படியே விடும் திரவமோ ஜெல்லோ நல்லது. தோலில் தங்கினால்தானே வேலை நடக்கும்? வாரத்துக்கு இரண்டு, மூன்று இரவுகளில் தொடங்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதன் பக்கம் போகக் கூடாது.

முல்தானி மட்டி மேலே உள்ள எண்ணெயை உறிஞ்சும். அன்று மாலைவரை பளபளப்பு இருக்காது. புள்ளிகளும் மங்கித் தெரியும். மலிவானது, கெடுதலும் இல்லை, வெடிக்கும்வரை காயவிடாமல் ஈரப்பதத்திலேயே கழுவினால்.

முகப்பருவுக்குப் பூசும் மருந்தான அடாபலீன் 0.1 சதவீத ஜெல் இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேலை செய்யும். துளைக்குள் செல்கள் உதிரும் விதத்தையே அது சீராக்குகிறது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். முதல் சில வாரங்கள் தோல் உரியும், எரியும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்குத் திட்டமிடுபவர்களுக்கும் வேண்டாம். முகப்பருவும் சேர்ந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். வெறும் எண்ணெய் இழைக்காக மட்டும் இவ்வளவு தூரம் போவதை நான் சொல்லமாட்டேன்.

ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பது தவறு. துளையைத் திறந்து மூட அங்கே தசை இல்லை. சூட்டில் எண்ணெய் இளகும், அவ்வளவே.

சாலிசிலிக் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, அரை அடி தள்ளி நின்றால் என் மூக்கில் புள்ளிகள் தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் இன்றும் தெரிகின்றன. இப்போதெல்லாம் அரை அடி தள்ளியே நிற்கிறேன்.