ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: இருபது வருடமாக ஆடுகிறேன், மூன்றும் நான்கும் வந்த பிறகும்

கல்லூரி விடுதியில் நாலு கம்ப்யூட்டரை லேன் கேபிளில் இணைத்து விடிய விடிய ஆடிய ஆட்டம் இது: ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியை வீழ்த்த வேண்டும். வருடம் 2004. போன வாரமும் இதையேதான் ஆடினேன். இடையில் இதற்கு அடுத்த பாகங்கள் இரண்டு வந்துவிட்டன. இரண்டையும் காசு கொடுத்து வாங்கி, பொறுமையாக ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் பாகம் 2005 அக்டோபரில் வந்தது. கடல் தண்ணீர் அவ்வளவு அழகு. பீரங்கிக் குண்டு விழுந்தால் சிப்பாய்கள் தூக்கி எறியப்படுவார்கள். ஆனால் அதில் வில்லேஜர், அதாவது ஊர் வேலை செய்யும் ஆள், மரம் வெட்டினால் நின்ற இடத்திலேயே கணக்கில் ஏறிவிடும். இரண்டாம் பாகத்தில் அவன் வெட்டியதைத் தோளில் சுமந்து, மரம் சேர்க்கும் லம்பர் கேம்ப்புக்கு நடக்க வேண்டும். கேம்ப்பைக் காட்டுக்கு ஒட்டி வைத்தோமா, நாலு கட்டம் தள்ளி வைத்தோமா என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. எதிரியின் குதிரைவீரன் வந்து விழுவதும் அந்த வழியில்தான். அந்த நடையை எடுத்ததும் எனக்கு ஆட்டத்தின் உயிரே போய்விட்டது. மூன்று மாதம் ஆடினேன், பிறகு பழையபடி இரண்டுக்கே திரும்பினேன்.

2021-இல் வந்த நான்காவது பாகம் அப்படிச் சுமந்து நடப்பதைத் திரும்பக் கொண்டுவந்தது. நல்ல ஆட்டம்தான். மங்கோலியர்கள் கட்டடங்களையே பெயர்த்துக்கொண்டு வேறு இடம் போவார்கள், அது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் யாரும் அதில் தங்கவில்லை.

சரி, அடுத்த பாகமே கூடாது என்று சொல்லிவிடலாமா? முடியாது. இரண்டாம் பாகமே 1997-இல் வந்த முதல் ஆட்டத்தின் தொடர்ச்சிதான். முதல் ஆட்டத்தில் மதில் கட்டலாம், அதற்கு வாசல் வைக்க முடியாது. வழக்கமாக ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய ஆள்கணக்கு 50-தான். ஆடும்போதே என்னென்ன குறைகிறது என்று கைக்குத் தெரியும். 1999-இல் வந்த இரண்டாம் பாகம் அதையெல்லாம் நிரப்பியது. அதற்குப் பிறகு நிரப்ப என்ன இருந்தது? புதிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, நன்றாக இருந்ததை மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாம் பாகத்தை வளர்த்தது ரசிகர்கள்தான். உருவாக்கிய என்சம்பிள் ஸ்டுடியோஸ் 2009-இல் மூடப்பட்டுவிட்டது. ரசிகர்கள் ஆட்டத்தை மாற்றிச் செய்த ஒரு மாட், 2013-இல் ‘தி ஃபர்காட்டன்’ என்ற பெயரில் அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே வந்தது. 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு. வயல் தீர்ந்தால் இப்போது தானாகவே மறுபடி உழப்படுகிறது, சண்டை நடுவே மில் என்ற உணவுக் கட்டடத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் உணவுக்கான காட்டுப்பன்றியை இன்றும் நாம்தான் அம்பெய்து சீண்டி, ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் வரை ஓட்டிவர வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வில்லேஜர் காலி. அதில் புதிய பதிப்பைச் செய்தவர்கள் கைவைக்கவில்லை. அந்த விவேகத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

2022-இல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வந்தது. திராவிடர்கள் என்று ஒரு தனி நாகரிகம், சுருள்வாள் சுழற்றும் உருமி வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழன் பெயரில் கதையாக ஆடும் ஒரு தொடர். முதல் நாள் வில்லேஜரைச் சொடுக்கினேன், தமிழில் பதில் வந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, “யாருடா வந்திருக்கா?” என்று கேட்டார்கள். பதினெட்டு வருடம் ஆடிய ஆட்டத்தில் என் மொழி கேட்ட அந்த நிமிடத்தை எந்தப் புதிய பாகமும் எனக்குத் தரவில்லை. திராவிடர்களுக்கு நைட் எனும் கவசக் குதிரைப்படை கிடையாதே என்று முதலில் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஆட்டத்தில் வூட்ஸ் ஸ்டீல் என்ற எஃகு ஆராய்ச்சி முடிந்ததும் காலாட்படைக்கு முன்னால் எதிரியின் கவசம் எதுவும் எடுபடாது.

புதிதாக வாங்குகிறவர்கள் டெஃபினிட்டிவ் எடிஷனையே வாங்குங்கள். பழைய லேப்டாப் என்றால் எட்டு பேர் ஆட்டத்தில் திணறும், நாலு பேர் வரை தாங்கும். நாங்கள் நாலு பேர்தான். ஒருவன் மஸ்கட்டில், ஒருவன் ஓசூரில். இந்தச் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, அரேபியா மேப்.